செருப்புத் தோல் ஏன் அழுகுவதில்லை?

ஜீவனஹள்ளியில் இருந்து புறப்பட்டு பிரேசர் டவுனைத் தாண்டினால் டானரி ரோடு வந்து விடும். தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற சாலை அது. இந்தப் பக்கத்துத் தமிழர்களில் ஆம்பூர், வாணியம்பாடி என்று சொந்த ஊர் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 'தோல் ஷாப்' வாடை புதிது அல்ல.

உரித்த ஆட்டுத் தோலை அப்படியே போட்டு வைத்தால் இரண்டு நாளில் நாறிப் போகும். அதே தோல் செருப்பான பிறகு வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் உழைக்கிறது. இடையில் நடந்தது என்ன? அணுக்கள் புதிதாகக் கை கோர்த்துக் கொண்டன. அவ்வளவுதான்!

ஒரே குடையில் இருவர்

அணுக்களைச் சேர்த்து வைப்பவை அவற்றின் வெளிப்புறத்தில் உள்ள எலக்ட்ரான்கள் ஆகும். சமையல் உப்பில் சோடியம் அணு ஒரு எலக்ட்ரானை குளோரின் அணுவுக்குக் கொடுத்து விடுகிறது. கொடுத்தது நேர் மின்னூட்டமும், வாங்கியது எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. இவை ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து நிற்பதுதான் உப்புக் கல்.

தண்ணீரில் கதை வேறு. அங்கே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக் கொள்கின்றன. மழையில் ஒரே குடையில் போகும் இருவர் விலகி நடக்க முடியுமா? அது போலத்தான். இந்தப் பங்கீட்டை 1916ல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி கில்பர்ட் லூயிஸ்.

இது தவிர, ஒரு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை லேசாக இழுப்பதும் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு என்று இதற்குப் பெயர். தனியாக இது நூல் போல மெலிந்தது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கயிறு.

மூன்று புரிக் கயிறு

தோலுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன் ஆகும். அதன் அமைப்பைக் கண்டு சொன்னவர் நம் ஜி.என். ராமச்சந்திரன். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954ல் அதை வெளியிட்டார். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரே படம் எடுத்து ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக் கிடந்தன! இழைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. 1970களின் தொடக்கத்தில் அவர் மறுபடி பெங்களூர் வந்து விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றினார்.

பச்சைத் தோலில் கிருமிகள் இந்தக் கயிற்றை அறுத்துத் தின்கின்றன. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறப் போட்டால், பட்டையில் உள்ள டானின் இழைகளுக்கு நடுவே புகுந்து ஏராளமான ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போடுகிறது. வாரக்கணக்கில் ஆகும் வேலை. குரோமியம் உப்பு ஒன்றிரண்டு நாளில் முடித்து விடும். குரோமியம் அணுக்கள் இழைக்கு இழை பாலம் போட்டு இறுகப் பிடித்துக் கொள்கின்றன. அந்தத் தோல் நீல நிறமாக இருக்கும். வெந்நீரில் கொதிக்க வைத்தாலும் சுருங்காது. பச்சைத் தோலோ கொதிநிலைக்கு வெகு முன்பே சுருண்டு விடும்.

பாலாற்றில் கரைந்தது

தோலில் ஒட்டாமல் மிஞ்சிய கழிவு பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. கெடுத்தவர்களே செலவை ஏற்க வேண்டும் என்றது. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது.

குரோமியம்தான் பெரிய வில்லன் என்று பலர் நினைக்கிறார்கள். பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் காரம் சேர்த்து அடியில் படிய வைக்கலாம். எடுத்துத் திரும்பவும் உபயோகிக்கலாம். அடங்காதது சாதாரண உப்பு. தோல் கெடாமல் இருக்க முதலில் தடவுகிறார்களே, அந்த உப்பு! தண்ணீரில் விழுந்ததும் சோடியம் ஒரு பக்கம், குளோரின் ஒரு பக்கம் என்று பிரிந்து கலந்து விடும். மணலில் வடிகட்டினாலும் வராது. காய்ச்சினாலும் போகாது. பிரித்து எடுக்கும் எந்திரங்கள் உண்டு, செலவு அதிகம்.

அதனால்தான் ஊறப் போடுவதற்கு முன்பே தோலை உதறி உப்பைத் தட்டி எடுக்கும் முறை வந்தது. உதறிய உப்பைக் கூட்டி அள்ளி விடலாம். கிணற்றுக்குப் போன உப்பை எப்படி அள்ளுவது?