‘பொலிகர்’ எனும் ஆங்கிலச் சொல்: வடிவமும் பொருள்மாற்றமும்

முன்னுரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் மிகுதியாக ஆளப்பட்டு, இன்று வரலாற்று நூல்களுக்கு வெளியே வழக்கிழந்துபோன ஆங்கிலச் சொற்களுள் ‘பொலிகர்’ என்பதும் ஒன்று. ‘பாளையக்காரர்’ எனும் தமிழ்ச் சொல்லின் திரிபே இது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் இதன் ஒலிவடிவமும் பொருள்வரலாறும் நுணுகி நோக்கத்தக்கன.

சொல்வடிவம்

பாளையம் என்பது படைஞர் தங்கும் பாசறையையும், பின்னர்ப் படைத்தலைவரின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியையும் குறித்தது. அதனோடு ‘காரர்’ எனும் ஈறு சேருங்கால் தமிழில் ககரம் இரட்டிக்கிறது. இரட்டித்த ககரம் வல்லோசையாகவே ஒலிக்கும். ஆங்கில வடிவிலோ ஒலிப்புடைய ஒற்றைக் ககரமே உள்ளது. தெலுங்கின் ‘பாளெகாடு’, கன்னடத்தின் ‘பாளெகார’, மராத்தியின் ‘பாளேகார்’ ஆகியவற்றில் இவ்வொலியே அமைந்துள்ளது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும் தமிழ் வடிவை முதலிற் காட்டினும், ஆங்கில வடிவம் தெலுங்கு அல்லது மராத்தி வழியாகவே வந்ததெனக் கருதினர். விசயநகர, நாயக்கர் ஆட்சிகளில் பாளைய முறை பரவிய வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. சில ஆவணங்களின் எழுத்துக்கூட்டல் ‘பல’ எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டை ஒத்திருப்பினும், இரண்டிற்கும் தொடர்பில்லை.

பொருள்மாற்றம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சென்னைக் கம்பெனி ஆவணங்களில் இச்சொல் இடம்பெறுகிறது. அங்கு நகரக் காவல் தலைவரான பெத்த நாயக்கரும் ‘பொலிகர்’ என்றே சுட்டப்பட்டார். அவர் பதவியின் பெயராலேயே இன்றைய பெத்தநாயக்கன்பேட்டை வழங்குகிறது. ஆக, ஆங்கிலேயருக்குக் காவல் புரிந்தவரையும் இச்சொல் குறித்தது.

தென்பாண்டிப் பாளையக்காரர் தேசகாவல், தலக்காவல் எனும் உரிமைகளின் பேரில் ஊர்களிடமிருந்து காவல்வரி பெற்றனர். வட்டார மரபில் உரிமையாக விளங்கிய இவ்வரியைக் கம்பெனி அலுவலர் பலர் வன்பறிப்பாகவே கண்டனர். 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. எஞ்சிய பாளையங்கள் நிலையான வரித்திட்டத்தின்கீழ் சமீன்களாயின. இதன் பின்னர்த் தொகுக்கப்பட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’, கொள்ளையிடும் இயல்பினையும் பொலிகர்க்குரிய விளக்கத்துள் சேர்த்தது. காவலரைக் குறித்த சொல் கொள்ளையரைச் சுட்டுவதாயிற்று. வென்றவரின் மதிப்பீடே அகராதிப் பொருளாக நிலைபெற்றது.

ஊர்ப்பெயர்ச் சான்று

பாளையங்கள் அமைந்திருந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள் இம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியின் பெயரீறான ‘பட்டி’, ஆநிரைத் தொழுவத்தையும் சிற்றூரையும் உணர்த்துவது. இராசபாளையத்தின் ஈறோ படைவீடு எனும் பழம்பொருளைத் தாங்கி நிற்கிறது. தொழுவம் ஊரானதுபோலவே பாசறையும் ஊராயிற்று. இரு பெயர்களிலும் குடியிருப்பு எனும் பொருளன்றி இழிபொருள் இல்லை.

முடிவுரை

‘பொலிகர்’ என்பது பாளையக்காரர் எனும் சொல்லின் நேரிய ஒலிபெயர்ப்பும் அன்று. நடுநிலையான மொழிபெயர்ப்பும் அன்று. கம்பெனி ஆவணங்களைத் தமிழாக்குவோர் அச்சொல் வருமிடந்தோறும் காலத்தையும் எழுதியவரின் நிலைப்பாட்டையும் கருதிப் பொருள் கொள்ளுதல் வேண்டும். இன்றேல் காவலுரிமை பற்றிய வழக்கொன்று, கொள்ளை பற்றிய குறிப்பாகவே தமிழ் வரலாற்றிலும் பதிவாகிவிடும்.