வீட்டு வரிக்குள்ள இருக்கிற ரோட்டும் பாலமும்

"இவ்வளவு காசு கட்டுறம், இந்தக் குழியை ஏன் இன்னும் மூடேல்லை?" பிக்கரிங்கில் புரொப்பர்ட்டி டாக்ஸ் பில் வந்தால் என்ர அம்மா கேட்கிற கேள்வி இது. உங்கட வீட்டிலயும் கேட்டிருப்பினம்.

அந்த பில்லில் மூன்று பங்கு உண்டு: பிக்கரிங் நகரம், டர்ஹம் பிராந்தியம், கல்வி. உங்கட வீட்டுத் தெரு நகரத்தின் பொறுப்பு. புரொக் ரோடு, வைட்ஸ் ரோடு போன்ற பெரிய வீதிகள் பெரும்பாலும் டர்ஹமுடையவை. 401 மாகாணத்துடையது. ஆகவே, குழியைச் சொல்ல முதல் அது ஆருடைய ரோடு என்று பாருங்கோ.

சீட்டன் பக்கம் புது வீடு வாங்குவோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. புதுக் குடியிருப்புக்கு வேண்டிய வீதி, பாலம், தண்ணிக் குழாய்ச் செலவைப் பழைய வீட்டுக்காரர் மட்டும் சுமக்கக் கூடாது. அதற்காக, 1997ஆம் ஆண்டு ஒன்டாரியோ அபிவிருத்திக் கட்டணச் சட்டத்தின் கீழ் நகரமும் பிராந்தியமும் புது வீடுகளுக்கு ஒருமுறைக் கட்டணம் அறவிடலாம். கட்டுவது பில்டர்தான், ஆனால் அது கடைசியில் வீட்டு விலைக்குள்ளதான் வரும்.

கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தை. கட்டணம் பிறகு கூடினால் அந்த மேலதிகத்தை வாங்குபவர் தலையில் போடும் வரி அதில் இருக்கலாம். திறப்பு வாங்கிற நேரம் ஆயிரக்கணக்கில் கேட்டால் எங்க போறது? கையெழுத்து வைக்க முதலே லோயரிடம் காட்டி, அதற்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கோ.

அடுத்த பில் வந்தால் அம்மாவையும் பிள்ளையளையும் பக்கத்தில இருத்தி, மூன்று பங்கையும் சேர்ந்து வாசியுங்கோ. எங்கட காசு எந்த ரோட்டுக்குப் போகுது என்று அவையும் அறியட்டும்.