கியர்பாக்ஸில் கை வைக்கும் முன்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் பல கார்களில் கிளட்ச் தேய்ந்திருப்பது தெரியவருகிறது. 'வண்டி இழுக்கல' என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் பிளக், ஃபில்டர் என்று வரிசையாக மாறும். குறை அப்படியே இருக்கும். ஆர்.பி.எம். முள்ளையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மிதித்தும் முள் ஏறத் தயங்கினால் என்ஜினில் சக்தி குறைவு. முள் சட்டென்று ஏறி, வேகம் மட்டும் கூடவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது.

உறுதி செய்ய, சூடான என்ஜினோடு சமதளத்தில் நிறுத்தி, எதிரே ஆள் இல்லாமல் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். நான்காவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

பிளேட்டை மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அப்போது பக்கத்தில் நின்று பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குற்றவாளி ஆயில் சீல். அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போடுவது வீண் செலவு. கூலியில் பெரும்பங்கு இறக்கி ஏற்றுவதற்கே போகிறது என்பதால் இதில் நான் கறாராக இருப்பேன்.

ஐட்லிங் குறை வேறு ரகம். பெட்ரோல் கார் சூடான பிறகு பொதுவாக 700 முதல் 900 ஆர்.பி.எம்.முக்குள் நிற்கும். சிக்னலில் முள் தாழ்ந்து வண்டி அணைந்தால் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். முள் உயரத்திலேயே நின்று, 'உஸ்' என்ற சத்தமும் கேட்டால் வேக்கும் ஹோஸில் வெடிப்பைத் தேடுங்கள். ஸ்கேனரில் பி0507 என்று வந்தாலும் ஐட்லிங் அதிகம் என்றே பொருள். கரியைச் சுத்தம் செய்ததும் ஐட்லிங் எகிறினால் பதறி சென்சாரை மாற்றாதீர்கள். கரிக்குப் பழகியிருந்த கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுத்தால் பல கார்களில் சரியாகிவிடும்.

ஆட்டோமேட்டிக் கார்களில்தான் இரண்டு குறைகளும் ஒன்றாகக் குழம்புகின்றன. பிரேக் பிடித்து நிற்கும் நேரத்தில் அணைந்தால் ஐட்லிங் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டாலும் அப்படித்தான் அணையும். அடுத்த முறை நிற்கப்போகும் தறுவாயில் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அணையாமல் ஓடினால், பி0742 கோடு பதிவாகியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கியர் ஆயிலின் அளவையும் நிறத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது.