வல்லப்பட்டைக்கு யார் காவல்?
சப்ரகமுவ மலையோரம் – 7

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டவை என்று பத்திரிகையில் வரும் பட்டியலில் தங்கத்தோடும் சிகரெட்டோடும் வல்லப்பட்டையும் அடிக்கடி இடம்பெறும். டுபாய்க்கோ சென்னைக்கோ போகிறவரின் பெட்டியில், துணிமணிக்கு நடுவே இருந்திருக்கும். அரைப் பத்தியில் செய்தி முடியும். மரம் எந்த மலையில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. தென்மேற்கு ஈரவலயக் காடுகள்தான் அதன் இருப்பிடம். நம் கலவானை, இறக்குவானைப் பக்கத்துச் சிங்கராஜ வனமும் அதில் சேர்த்தி.

முன்பு ஊரார் அதன் பட்டையை உரித்துக் கயிறு திரித்தார்கள். அவ்வளவுதான் அதன் மதிப்பு. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்புதான் கதை மாறியது. வல்லப்பட்டை, அகிலுக்கு நெருங்கிய சொந்தம். காயம்பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடித்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும். வெளிறிய கட்டைக்குள் அது கறுத்த வரிகளாகப் படியும். அரபு வீடுகளில் புகையும் ஊதுக்கு அந்தக் கறுப்புத்தான் விலை. அகிலின் வாசனைச் சேர்மங்கள் இதிலும் இருப்பதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

எல்லா மரத்திலும் பிசின் இருக்காது என்பதுதான் கொடுமை. வெளியே பார்த்து எளிதில் சொல்லவும் முடியாது. கத்தியோடு போகிறவன் வெட்டிப் பார்க்கிறான். வெறும் கட்டையென்றால் அப்படியே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறான்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1978இல் சிங்கராஜா உயிர்க்கோள ஒதுக்கிடமானது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வல்லப்பட்டைப் பேரினம் முழுவதும் 2005 முதல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது.

தடை என்ன செய்யும் என்பதைச் சிங்கராஜாவின் குடாவை வாசலில் காணலாம். சீட்டு வாங்கி, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை காலுறையை இழுத்துவிட்டு, வழிகாட்டியின் பின்னால் பயணிகள் நடக்கிறார்களே, அந்தப் பாதை 1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் இழுக்க வெட்டிய தெரு. எதிர்ப்பு வலுத்து 1977இல் வெட்டு நின்றது. இன்று அதே தெருவில் ஊர்ப் பிள்ளைகள், துடுப்புவால் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் மற்றப் பறவைகளைக் கூட்டிக்கொண்டு இரைதேடுவதைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள்.

பயணிகள் எல்லோரும் சாதுக்களும் அல்லர். 2020இல் யால வனத்தில் இத்தாலியத் தந்தையும் மகனும் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்டார்கள். 2024இல் கொழும்பு நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபாய்.

ஆனால் மர வழக்கில் சிக்கல் வேறு. அகில் மரம் இப்போது இலங்கையில் வணிகப் பயிர். "இது நட்டு வளர்த்த அகில், காட்டு மரம் அல்ல" என்று ஒருவர் சொன்னால், சிம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரபணுச் சோதனை இரண்டையும் பிரித்துச் சொல்லும். இந்த வசதி சுங்கத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் நாளாந்த வேலையாகக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டவணையில் பெயர் இருந்தும் பிரயோசனம் குறைவு.

ஆய்வுகூடம் செய்யக்கூடிய இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு வகைப் பூஞ்சணங்களை வல்லப்பட்டை மரத்தில் துளையிட்டுச் செலுத்திப் பிசினை வரவழைத்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் நட்ட மரத்திலிருந்தே அந்தப் பிசினை எடுக்கலாம் என்றாகிறது. பதிவும் அனுமதியும் ஒழுங்காகக் கிடைத்தால், காட்டுக்குள் கத்தி கொண்டுபோகும் தேவை குறையும். காடு இருந்தால்தானே பயணி வருவார்?

வீட்டுத் தோட்டம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டால்தான் நம் தேயிலை, ரப்பர்த் தோட்டத்து ஆட்களின் நிலை தெரியும். கிராமத்தவருக்குக் காணி உண்டு. லயத்தில் இருப்பவருக்கு வாசலில் நான்கு கீரைப் பாத்தி. அதுவும் தோட்ட நிர்வாகத்தின் நிலம். மரம் நட்டுப் பதிவு செய்ய உறுதி வேண்டும். உறுதி இல்லாதவனுக்கு இந்தத் தொழிலில் மிஞ்சுவது இரவில் முதலாளிக்காகக் கூலிக்கு வெட்டும் வேலை. பிடிபட்டால் மறியலும் அவனுக்குத்தான்.

லயத்தவருக்கு ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று காணிக் கணக்குப் பேசும் தொழிற்சங்கத் தலைவர்கள், இரத்தினபுரித் தோட்டங்களுக்கு வல்லப்பட்டை நாற்றும் நடுகைப் பதிவும் வழிகாட்டிப் பயிற்சியும் வேண்டும் என்று அதே மேசையில் கேட்கட்டும்.