மண்டை ஓட்டு எலும்பை திரும்ப வைத்ததும் மூளைக்கு ரத்தம் கூடுவது ஏன்?

அஞ்செட்டி:
தேன்கனிக்கோட்டை - அஞ்செட்டி மலைப்பாதையில் பைக்கில் இருந்து விழுந்து ஒருவருக்கு தலையில் பலத்த அடி என்றால், அவரை ஏற்றிய வண்டி ஓசூர் பக்கம்தான் பறக்கும். அங்கிருந்து பலர் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்கு போகிறார்கள். அது இருப்பதே ஓசூர் ரோட்டில்தான்.

அடிபட்ட மூளை வீங்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மூளைக்குள் ரத்தம் நுழையவே முடியாமல் போகும். மருந்துக்கு வீக்கம் அடங்காவிட்டால், மண்டை ஓட்டில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்து மூளைக்கு இடம் விடுகிறார்கள் டாக்டர்கள். உயிர் பிழைக்க இது உதவுகிறது. ஆனால் எல்லோரும் பழையபடி எழுந்து நடமாடுவார்கள் என்று சொல்ல முடியாது. 2016-ல் வெளியான, 408 பேரிடம் நடந்த சர்வதேச ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் 6 மாதத்தில் இறந்தவர்கள் சுமார் 27 சதவீதம். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் சுமார் 49 சதவீதம். அதே சமயம், பிழைத்தும் படுத்த படுக்கையானவர்கள் ஆபரேஷன் செய்தவர்களிடையே அதிகம்.

வெட்டிய எலும்பை என்ன செய்வார்கள்? சில இடங்களில் கடுங்குளிர் பெட்டியில் வைப்பார்கள். நம் நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரப்படுத்துவது வழக்கம். 'தலை எலும்பு வயிற்றில் இருக்கிறதா?' என்று வீட்டுக்காரர்கள் பதறுவதுண்டு. பயப்பட ஒன்றுமில்லை!

சிக்கல் அதற்கு பிறகுதான். வீக்கம் வடிந்ததும் எலும்பு இல்லாத இடம் பள்ளமாகும். அங்கே மூளைக்கு மேல் தோல்தான் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தோலை உள்ளே தள்ளி, அடியில் உள்ள ரத்தக்குழாய்களை நசுக்குகிறது. உட்கார்ந்தால், நின்றால் மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகுத்தண்டு பக்கம் இறங்க, பள்ளம் இன்னும் ஆழமாகும். தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, ஒரு பக்கம் கை கால் சோர்வு என்று சிலருக்கு தொல்லை கூடுகிறது. படுத்தால் கொஞ்சம் தேவலை. 1939-லேயே டாக்டர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிமிடத்துக்கு சுமார் 700 மில்லி ரத்தம் கேட்கும் உறுப்பு மூளை. எலும்பையோ, டைட்டானியம் தகட்டையோ வைத்து மூடியதும் வெளிக்காற்றின் அழுத்தம் தடுக்கப்படுகிறது. நசுங்கிய குழாய்கள் திறந்து ரத்த ஓட்டம் கூடுகிறது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்த ஆய்வுகளில், அடிபட்ட பக்கம் மட்டுமின்றி மறுபக்கத்திலும் ஓட்டம் கூடியது தெரிந்தது. சில நாளிலேயே பேச்சு தெளிந்தவர்களும், கையை தூக்கியவர்களும் உண்டு. ஆனால் செத்துப்போன மூளைப் பகுதி இதனால் உயிர் பெறாது. பட்டினி கிடந்த பகுதிதான் விழிக்கிறது. பிசியோதெரபியை விட்டுவிடக்கூடாது.

பொதுவாக 3 மாதம் வாக்கில் எலும்பை திரும்ப வைக்கிறார்கள். கிருமித் தொற்று இருந்தால் தள்ளிப்போகும். 'பிழைத்ததே போதும், இன்னொரு ஆபரேஷன் எதுக்கு?' என்று வருடக்கணக்கில் பள்ளத்தோடு விடுவதுதான் தப்பு. செலவும் ஒரு காரணம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய சாலை விபத்து திட்டம் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கானது. மாதங்கள் கழித்து நடக்கும் இந்த ஆபரேஷன் அதில் வராது. எனவே முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் இடம் உண்டா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்டுவிடுவது நல்லது. ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சீட்டை தொலைக்கக்கூடாது.

அதுவரை அந்தப் பக்கம் அழுந்தப் படுக்கக்கூடாது. நடக்கும்போது தலைக்கு பாதுகாப்பு கவசம் வேண்டும். எலும்பு வைத்த பிறகு காய்ச்சல், தையலில் சீழ், வலிப்பு, திடீர் தூக்கக் கலக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சிலருக்கு வைத்த எலும்பு மெல்ல கரைந்துவிடும். அப்போது செயற்கைத் தகடு வைக்கிறார்கள்.