கொள்ளைநோயும் கணிதமும்

கணிதமென்றவுடன் கரும்பலகையும் வெண்கட்டியும் நம்மிற் பலருக்கு நினைவில் எழும். சிலருக்குப் பிரம்பும் எழக்கூடும். கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசியை எவருக்கு முதலில் ஏற்றுவது என்னும் வினாவிற்கும் அக்கணிதமே துணைநிற்கும் விதத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இத்துறை புதியதன்று. பெரியம்மை நோயாளியின் கொப்புளப் பாலையே பிறர்க்குக் காப்பாகக் குத்தும் வழக்கம் அன்றிருந்தது. அதனை எல்லோருக்கும் செய்தால் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்றாண்டு கூடுமென 1760 இல் தானியேல் பேர்ணூலி என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். 1927 இல் கேர்மாக், மக்கெண்டிரிக் என்னும் இருவர், நோய் பற்றக்கூடியோர், நோயைப் பரப்புவோர், அந்நிலையினின்று நீங்கியோர் என மக்களை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றிலிருந்து மற்றொன்றிற்கு அவர்கள் மாறும் வேகத்தைச் சமன்பாடுகளில் அமைத்தனர். இன்றைய மாதிரியுருக்கள் பல இவ்வேரினின்று கிளைத்தவையே.

எதிர்ப்பாற்றல் அற்ற மக்களிடையே ஒரு நோயாளி மூவருக்கு நோயை அளிப்பரெனக் கொள்வோம். அம்மூவரில் இருவர் முன்னரே காக்கப்பட்டிருப்பின் அவர் ஒருவருக்கே அளிப்பர். அதற்கு மேலும் மக்கள் காக்கப்படின் நோய் தேயும். சின்னமுத்திலோ ஒருவர் 12 முதல் 18 பேர்வரை தொற்றச் செய்வாராதலின், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் காக்கப்படல் வேண்டும்.

மருந்து வேண்டியமட்டும் இருப்பின் முன்பின் என்னும் வினாவே எழாது. 2020 இன் இறுதியில் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது அது எந்நாட்டிற்கும் போதியதாயிருக்கவில்லை. அந்நோயால் இறந்தோர் பெரும்பாலும் முதியோர். பலரோடு பழகி அதனைப் பரப்பியோருள் இளையோரே மிகுதி. சாகக்கூடியவரைக் காப்பதா, தொற்றுச் சங்கிலியை அறுப்பதா? இம்மலரைக் கையிலேந்துவோருள் பாட்டனாரும் உளர், பேரனும் உளர். இருவரும் தத்தம் விடையை எண்ணிப் பார்ப்பாராக.

மாதிரியுரு மக்களை வயதுவாரியாகப் பிரித்து, எவ்வயதினர் எவ்வயதினரோடு எத்துணை பழகுகின்றனர் என்பதை அட்டவணையாக்கிக் கொள்ளும். எட்டு ஐரோப்பிய நாடுகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் தாம் ஒருநாளிற் சந்தித்தோரைக் குறித்துக் கொடுத்த ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. அத்தகைய ஏடுகளே இதற்கு மூலப்பொருள். 2021 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இவ்வழியிற் கணித்தபோது இரு விடைகள் கிடைத்தன. தடுப்பூசி தொற்றையும் நன்கு தடுக்குமாயின், 20 முதல் 49 வயதினர்க்கு முதலில் ஏற்றுவதால் நோயாளர் தொகை மிகக் குறையும். சாவைக் குறைப்பதே நோக்கமாயின், பெரும்பாலான நிலைகளில் 60 வயதைக் கடந்தோர்க்கே முதலிடம். எந்நோக்கம் சிறந்ததென்பதை எச்சமன்பாடும் தேர்ந்து தருவதில்லை. அதனைத் தேர்வது நாமே.

2020 டிசெம்பரில் இங்கிலாந்து, முதியோர் இல்லங்களில் வாழ்வோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் வரிசையின் தலையில் வைத்தது. ஊசி தொற்றைத் தடுக்குமா என்பது அன்று தெளிவாகாமையின், நேரே உயிர்காப்பதையே அந்நாட்டு ஆலோசகர் நாடினர். இந்தோனேசியாவோ 2021 ஜனவரியில், மருத்துவப் பணியாளர்க்குப் பின் 18 முதல் 59 வயதுவரையுள்ள உழைப்பாளரைக் குறித்தது. அங்கு ஊசி பரிசோதிக்கப்பட்டது அவ்வயதினரிடமே என்பதும் ஒரு காரணம். முதியோர்க்கும் அனுமதி கிடைத்தபின், பெப்ருவரியில் அந்நாடும் அவர்களுக்கு ஏற்றத் தொடங்கிற்று.