கொழுப்பு மூலக்கூறு வண்டி மாறுகிறது

சமயநல்லூர் நிறுத்தத்தில், திண்டுக்கல் செல்லும் பேருந்தில் நீங்கள் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பக்கத்து இருக்கைக்கு மாறுவது எளிது. எதிரே நிற்கும் மதுரை வண்டிக்கு மாற வேண்டுமானால், சித்திரை வெயிலில் இறங்கித்தான் ஆகவேண்டும். கொழுப்பு மூலக்கூறுகளின் பயணமும் இத்தகையதே.

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு, பாஸ்போலிபிடு என்னும் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அமைத்த சுவர். இம்மூலக்கூறின் தலை நீரை விரும்பும். இரு வால்களும் நீரை வெறுக்கும். ஆகவே வால்கள் உள்ளே ஒளிந்துகொள்கின்றன. இத்தகைய கொழுப்பை நீரில் கலக்கினால், அது தானாகவே நுண்ணிய உருண்டைகளாக மூடிக்கொள்வதை 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் கண்டார். இவையே லிப்போசோம்கள்.

ஒரே அடுக்கினுள் மூலக்கூறு ஒரு நொடியில் சுமார் 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளம், நகர்ந்துவிடும். ஓர் உருண்டையிலிருந்து மற்றோர் உருண்டைக்குச் செல்லவோ, வால்கள் நனைய நீரில் இறங்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் ஆகும். வால் நீண்டால் தாமதம் பன்மடங்காகும். வெப்பம் கூடினால் குறையும்.

இதை எவ்வாறு அளக்கிறார்கள்? சில உருண்டைகளின் கொழுப்பில் இருவகை ஒளிரும் சாயங்களைப் பிணைக்கிறார்கள். அருகருகே இருக்கும்வரை ஒன்றின் ஒளியாற்றலை மற்றது வாங்கிக்கொள்ளும். சாயமற்ற உருண்டைகளைச் சேர்த்ததும், சாய மூலக்கூறுகள் பிரிந்து பரவ, முதற்சாயத்தின் ஒளி ஓங்கும். அது ஓங்கும் வேகமே இடமாற்றத்தின் வேகம்.

2017இல் ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு புதுமையைத் தெரிவித்தனர். பாலிமர் பட்டை சூழ்ந்த, சுமார் 10 நானோமீட்டர் அகலமுள்ள சவ்வுத் தட்டுகள் மோதும்போது, கொழுப்பு நேராகவே தாவிவிடுகிறது. இரு வண்டிகள் உரசி நிற்கையில் சன்னல் வழியே மாறுவதைப் போல!

இதனால் நமக்கென்ன பயன்? 2021இல் கோவிட் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோய் வந்தது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் நோயாளிகள் சிகிச்சை பெற்றனர். ஆம்போடெரிசின்-பி அப்பூஞ்சையைக் கொல்லும்; ஆனால் தனியே செலுத்தினால் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஆகவே அதை லிப்போசோமின் சவ்வில் ஏற்றித் தருகிறார்கள். நீண்டு விறைத்த வால்களும் கொலஸ்டிராலும் மருந்தை வழியில் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டிராலை நெருங்கியதும், மருந்து அங்கே மாறிக்கொள்கிறது.

அந்த மாதங்களில் நாடெங்கும் தட்டுப்பாடாகித் தேடப்பட்ட மருந்துக் குப்பிகளுக்குள் இருந்தவை இந்த உருண்டைகள்தாம். அடுத்தமுறை வண்டி மாற இறங்கும்போது அவற்றையும் சற்றே நினைத்துப் பாருங்கள்.